பொருந்தாதது எது?

ஆனையிறவு உப்பளத்தின் வெளிச்சம் பஸ் யன்னலால் வந்து கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஒரு சோதினை நடந்துகொண்டிருந்தது. தாயின் மடியில் மாதிரி வினாத்தாள் புத்தகம். பக்கத்தில் பத்து வயதுப் பெண்பிள்ளை, பென்சிலைக் கடித்தபடி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கின்றன என்பது தாயின் குரலிலேயே தெரிந்தது.

“மண்வெட்டி, அரிவாள், கோடாலி, நெற்கதிர். பொருந்தாதது எது?”

“நெற்கதிர்.” பிள்ளை யோசிக்கவே இல்லை.

“ஏன்?”

“மற்ற மூண்டும் கருவியள்.”

இயக்கச்சியில் ஏறி, இருக்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் குனிந்தார். “கோடாலியெல்லோ பிள்ளை? கோடாலி காட்டுக்குப் போறது. மற்ற மூண்டும் வயலுக்கு.”

தாய் சிரித்தார். மரியாதையான சிரிப்புத்தான். “அப்பிடி எழுதினாப் பிழையெண்டு போட்டிடுவினம் ஐயா.”

பெரியவர் உடனே தலையாட்டினார். “அப்பச் சரி. புத்தகத்தில கிடக்கிறதையே எழுது அம்மா. எனக்கென்ன தெரியும்.”

பரந்தன் சந்தியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ‘எனக்கென்ன தெரியும்’ என்ற அந்தச் சொல் அந்தப் பயணத்தின் நான்கு நாட்களும் என்னோடு வந்தது. அவருடைய விடைக்குக் காரணம் இருந்தது. வரம்பு கட்ட மண்வெட்டி, கதிர் வெட்ட அரிவாள், வெட்டுவதற்குக் கதிர். மூன்றும் ஒரே வேலையின் உறவினர். பிள்ளையின் காரணத்துக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆனாலும் ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிட்டார்.

இதே காட்சி 1960களில் மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவில் ஓர் ஆய்வில் நடந்திருக்கிறது. கப்பெல்லே மக்களிடம் இருபது பொருட்களைக் கொடுத்து, சேர்ந்து போகிறவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். உணவு ஒரு பக்கம், கருவிகள் ஒரு பக்கம், உடை ஒரு பக்கம் என்று வைப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. அந்தக் கமக்காரர்களோ கத்தியைத் தோடம்பழத்தோடு வைத்தார்கள். விவேகமுள்ளவன் இப்படித்தான் வைப்பான் என்றும் சொன்னார்கள். சலித்துப்போன ஆய்வாளர், முட்டாள் எப்படி வைப்பான் என்று கேட்டிருக்கிறார். உடனே உணவை உணவோடும் கருவியைக் கருவியோடும் அடுக்கிக் காட்டினார்களாம். ஜோசப் கிளிக் என்ற உளவியலாளர் எழுதிவைத்த சம்பவம் இது. அவர்களுக்கு வகைபிரிக்கத் தெரியாமல் இல்லை. அதை அறிவு என்று அவர்கள் எண்ணவில்லை.

நான் கணித ஆசிரியன். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை, வாய்விட்டும் மனதுக்குள்ளும், ‘மொக்கு’ என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் துணையாக ஒரு வசனமும் உண்டு: “படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவாய்.” வன்னிக்கு நான் இந்த முறை போனது, மாடு மேய்த்த ஒருவனைப் பார்க்க.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்ட இலட்சக்கணக்கானவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். சில வாரங்கள் தென்மராட்சியில் இருந்துவிட்டு, கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, மல்லாவிப் பக்கம் ஒரு தறப்பாள் கொட்டிலில் ஒதுங்கினோம். எனக்குப் பன்னிரண்டு வயது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பு நடந்தது. வகுப்பில் முதலாம் பிள்ளை நான். கடைசி வாங்கில் இருந்தவனுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவனுக்கு வாய்ப்பாடு ஏழுக்கு மேல் போகாது.

ஒரு சனிக்கிழமை விறகுக்குப் போனபோது அவன்தான் என்னை வழியில் மறித்தான். ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்து நிறுத்தி, மூக்கைக் காட்டினான். எனக்கு ஒரு மணமும் வரவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மண்ணைக் கிள்ளித் தூவிப் பார்த்தான். பிறகு என்னை ஒரு பெரிய வளைவாகச் சுற்றிக் கூட்டிப் போனான். திரும்பி வரும்போது, நாங்கள் போகவிருந்த பாதையில் அலியன் யானையின் இலத்தி ஆவி பறக்கக் கிடந்தது. வீட்டுக்கு வரும்வரை அவன் அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அவனைத் தேடித்தான் இந்தப் பயணம். ஆனால் நேரே போகவில்லை. வன்னியை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்போல் இருந்தது.

கிளிநொச்சியில் இறங்கி இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனேன். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் வேலை தொடங்கி 1920களில் முடிந்த குளம். இரண்டு மடுக்கள் சேர்ந்து ஒன்றானதால் இரணை மடு. 1930களில் யாழ்ப்பாணத்தின் நெருக்கடி தாங்காமல் இங்கே குடியேற்றப்பட்டவர்களை நம்பவைத்தது இந்தத் தண்ணீர்தான். கிளிநொச்சித் தேநீர்க்கடைகளில் இன்றைக்கும் முதல் கதை குளம் எத்தனை அடி என்பதுதான். யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்று கேட்பதைப் போன்ற ஆவல் அந்தக் கேள்வியில் இருக்கும்.

கட்டில் சந்தித்த ஒருவர் முப்பது வருடம் வாய்க்கால் தண்ணீரோடு வாழ்ந்தவர். சிறுபோகத்தில் துருசு திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச்சேர எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: எந்த வருசம்? முன்னம் மழை பெய்ததா? நிலம் வெடித்துக் கிடக்கிறதா? வாய்க்காலில் புல் எவ்வளவு? எல்லாவற்றையும் கேட்ட பிறகும் நாள் சொல்லவில்லை. தண்ணீர் விட்ட அன்று ஒரு வைக்கோல் துரும்பை மிதக்கவிட்டு, அதோடு சேர்ந்து நடந்து பார்த்தால்தான் சொல்லலாம் என்றார்.

“ஆர் ஐயா பழக்கினது?”

“ஒருத்தரும் பழக்கேல்லைத் தம்பி. அப்பாவுக்குப் பின்னாலை நடந்தனான். அவர் கதைக்கமாட்டார். பிழை விட்டா ஒருக்காத் திரும்பிப் பாப்பார், அவ்வளவுதான்.”

நான் வகுப்பில் ஒரு மணித்தியாலம் கதைக்கிறவன். எங்கள் தொழிலின் அளவே கதைதான். வன்னியில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கிறது என்பார்கள். மாட்டை, கூத்தை, பிள்ளையைப் பழக்கிறது என்பார்கள். பழகுவது என்றால் பயிற்சி எடுப்பது. இன்னொருவரோடு நெருங்கியிருப்பதும் அதே சொல்தான். ஒருவரோடு பழகாமல் அவரிடமிருந்து எதையும் பழக முடியாது என்று அந்தச் சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது. திருக்குறளில் கல்வி ஓர் அதிகாரம், கல்லாமை ஓர் அதிகாரம், அதற்கடுத்துக் கேள்வி என்று தனியாக ஓர் அதிகாரம், பிறகுதான் அறிவுடைமை. கேள்வி அங்கே கேட்டல், காது கொடுத்திருத்தல். இன்றைய பள்ளிக்கூடத்தில் கேள்வி என்றால் பெரியவர் வீசுவதும் சிறியவர் தடுப்பதும். அந்தச் சொல் இடம் மாறிய தூரத்தை எந்தப் பாடத்திட்டமும் எனக்குக் காட்டியதில்லை.

குளக்கட்டிலிருந்து இறங்கி வரும்போது ஊர்ப்பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மடு, மோட்டை, குளம், முறிப்பு. வறண்டாலும் ஆழத்தில் நீர் நிற்பது மடு. மழைக்கு நிறைந்து வெயிலுக்கு வற்றுவது மோட்டை. கட்டு உடைந்த இடம் முறிப்பு. மாங்குளம், புளியங்குளம் என்று கரையில் நின்ற மரமும் பெயரில் ஏறிவிட்டது. இந்த நாட்டின் நீர்ப்பாடம் முழுவதும் பெயர்களாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ‘ஊர்களின் பெயரைப் பாடமாக்கு’ என்று மட்டுமே நாங்கள் பிள்ளைகளிடம் சொல்கிறோம்.

ஏ9 வீதியோரத்தில் இருக்கும் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து சேர்ந்தது. வாசலில் நின்று பார்த்தபோது மனம் நிறைந்தது. வாய்க்கால்காரருடைய துரும்பும் அந்த வாசலால் உள்ளே போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதி. விசுவமடுவில் ‘படித்த வாலிபர் திட்டம்’ என்ற பெயர் இன்னமும் வழக்கில் இருக்கிறது. 1960களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்குக் காடு வெட்டிக் காணி கொடுத்த திட்டங்களில் ஒன்று. முத்தையன்கட்டிலும் அப்படி ஒன்று. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அந்த வாலிபர்கள் செழித்தார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறக்கப்பட்டபோது விழுந்தார்கள். அந்தக் காலத்தில் வந்து இன்றும் அங்கேயே இருக்கும் ஒருவருடைய வீட்டில் மோர் குடித்தேன். உயர்தரம் படித்தவர். முதல் வருடம் கன்றுகள் எல்லாம் செத்ததாகச் சொன்னார். புத்தகத்தில் இருந்தபடிதான் செய்தாராம். கூலிக்கு வந்த அம்மா ஒருவர், “உந்த மண் பின்னேரத் தண்ணி கேக்குது தம்பி” என்று சொன்ன பிறகுதான் தோட்டம் பிடித்தது. அந்த அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. “படித்த வாலிபர் எண்டு எங்களுக்குப் பேர். படிச்சது அவவிட்டை,” என்றார். சொல்லும்போது குரல் தடித்தது.

புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம். அந்த வீதியில் பஸ்ஸில் எவரும் கதைப்பதில்லை. நானும் இங்கே கதைக்கவில்லை.

முள்ளியவளையில் கூத்தாடிய குடும்பம் ஒன்றில் தங்கினேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பக்கத்தில்தான். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம் இது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனது என்று அந்த ஊரார் சொல்வார்கள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் கோயில். கோவலன் கூத்து இந்த மண்ணின் கூத்து. வீட்டு ஐயா இளவயதில் கண்ணகி வேடம் கட்டியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. விடியும்வரை பாடக்கூடிய பாட்டு முழுவதும் காதால் வந்து நெஞ்சில் தங்கியது.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எப்படி ஆட்களைத் தெரிவார் என்று கேட்டேன். முதல் சில நாட்கள் அவர் ஒன்றும் சொல்லமாட்டாராம். எல்லாரும் வட்டமாக ஆடுவார்கள். யாருடைய குரல் எங்கே உடைகிறது, யாருடைய கால் தாளத்துக்கு முந்துகிறது என்று பார்த்துக்கொண்டு வெற்றிலை போடுவார். பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவருக்குப் பொருத்தமான வேடம். குரல் இல்லாதவனுக்கு ஆட்டம் கூடிய பாத்திரம். ஆட்டம் வராதவனுக்குப் பிற்பாட்டு. அதுவும் வராவிட்டால் விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும்.

“கூத்தில பெயில் எண்டு ஒண்டில்லைத் தம்பி,” என்றார் ஐயா.

முப்பத்தைந்து பிள்ளைகளை வரிசைப்படுத்தி, முதலாம் பிள்ளை, முப்பத்தைந்தாம் பிள்ளை என்று றிப்போட்டில் எழுதிக் கையெழுத்து வைக்கும் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. பிள்ளைகளின் அறிவை அளக்கும் முதல் சோதினையை 1905இல் பாரிஸில் உருவாக்கிய அல்பிரட் பினேகூட, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார். அறிவு மாறாத ஓர் அளவு என்று சொல்பவர்களை அவரே கண்டித்து எழுதினார். கருவி மிஞ்சியது. எச்சரிக்கை தொலைந்துவிட்டது.

கென்யாவின் லுவோ மொழியில் அறிவைக் குறிக்க நான்கு சொற்கள் இருப்பதாக ஸ்ரேன்பேர்க் என்ற உளவியலாளரின் குழு எழுதியிருக்கிறது. அதில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் புள்ளி போடும் திறமைக்கு நெருங்கிய சொல் ஒன்றுதான். மற்றவற்றில் பெரியோரை மதித்தல், தானாக முன்வருதல், நிலைமையைப் புரிந்து நடத்தல் எல்லாம் வருகின்றன. அதே குழு 2001இல் ஒரு முடிவையும் வெளியிட்டது. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் எந்த மூலிகை என்று நன்றாகத் தெரிந்த கிராமத்துப் பிள்ளைகள், பள்ளிக்கூடச் சொல்லறிவுச் சோதினையில் குறைந்த புள்ளி எடுத்தார்கள். ஒன்றில் கூடினால் மற்றதில் குறைந்தது. பிள்ளையின் ஒரு நாளில் இருக்கும் நேரம் ஒன்றுதானே. எங்கே செலவழிப்பது என்று வீடு தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தைப் பிறகு நாங்கள் மூளை என்று அளக்கிறோம்.

தமிழிலும் சொற்களுக்குக் குறைவில்லை. கெட்டித்தனம், விவேகம், சாதுரியம், நிதானம், கைப்பக்குவம். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். றிப்போட்டில் இவற்றுக்கு இடம் இல்லை.

நெடுங்கேணி வழியாக வவுனியாவுக்கு வந்தபோது பின்னேரம். ரியூசன் கொட்டில்களிலிருந்து சைக்கிள்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. சந்திகளில் பதாகைகள், பத்து வயதுப் பிள்ளைகளின் படங்களும் 200க்கு அவர்கள் எடுத்த புள்ளிகளும். புலமைப்பரிசில் பரீட்சை 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று மத்திய கல்லூரிக்குப் போவதற்கான கதவு அது. அந்தக் கதவால் போனவர்களை எனக்குத் தெரியும், அதற்கு நான் நன்றியுள்ளவன். படம் இல்லாத பிள்ளைகள் அந்தப் பதாகையின் கீழால் சைக்கிள் ஓடிப் போவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தான் எழுதத் தயங்கும் ஒன்றையும் எழுத வேண்டும். 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் எங்களுக்கு ஆறாத காயம். அதன் பின்னால் வந்த மாவட்ட ஒதுக்கீடு வன்னிக்கு ஒரு கதவு. இன்றைய பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பதினாறில். அந்த ஐந்து வீதம் நியாயமானது, வேண்டும். ஆனால் பள்ளிக்கூடமும் ஆசிரியரும் போதாத மாவட்டத்துக்கு வைத்த பெயர், வெகு சீக்கிரம் அங்கே பிறந்த பிள்ளையின் தலைக்கு வந்துவிட்டது. ‘வன்னிப் பிள்ளையள், மெல்லத்தான் ஏறும்’ என்று ஆசிரியர் அறைகளில் நான் கேட்டிருக்கிறேன், மறுத்துக் கதைத்ததில்லை.

பிள்ளைகளை இப்படி ஒதுக்குவதற்கு எதிராக நின்றவர்களும் வவுனியாவில் இருந்தார்கள். மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் 1970களில் தொடங்கிய காந்தீயம், 1977 வன்செயலில் துரத்தப்பட்டு வந்த மலையக மக்களை எல்லைக் கிராமங்களில் குடியமர்த்தியது. கூடவே பாலர் பாடசாலைகளையும் திறந்தது. அந்தந்த ஊர் இளம்பெண்களே பயிற்சி எடுத்து ஆசிரியைகள் ஆனார்கள். ‘தோட்டக்காட்டுப் பிள்ளைகள்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் முதன்முதலாகப் பாயில் வட்டமாக இருந்து பாடினார்கள். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அந்தப் பாயில் இருந்து படித்ததாக ஒரு பெண், இப்போது தானும் ஆசிரியை, வவுனியா பஸ் நிலையத்தில் என்னிடம் சொன்னார். என்ன படித்தோம் என்பது மறந்துவிட்டதாம். ரீச்சர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறதாம்.

நான்காம் நாள் மாங்குளம் சந்தியில் இறங்கி மல்லாவி பஸ் பிடித்தேன்.

அவன் படலையடியில் நின்றான். தலை நரைத்திருந்தது. “வா மச்சான்” என்றான், நேற்றுப் போனவனைக் கூப்பிடுவதுபோல. மாட்டுக்காலையில் ஏழெட்டு மாடுகள். முந்தி நாற்பது நின்றதாம். பிளேன்ரீ குடித்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப்பட வேண்டியது என்றேன். நான்கு நாள் சேர்த்துவைத்த எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன்.

பொறுமையாகக் கேட்டான்.

“2009இல பட்டியை அவிட்டு விட்டுட்டுத்தான் வந்தனாங்கள். ஒண்டும் மிஞ்சேல்லை. தங்கச்சியின்ர ஓ.எல். சேட்டிபிக்கற்றை அம்மா பொலித்தீன்ல சுத்தி இடுப்பில கட்டிக்கொண்டு வந்தவ. மெனிக் பாம் முகாமில அதைக் காட்டித்தான் அவள் சின்னப்பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் போனவள். நாலு காசு வந்தது. எனக்கு எந்தக் காடு தெரிஞ்சும் அந்தக் கம்பிவேலிக்குள்ள என்ன செய்யிறது?”

என்னிடம் பதில் இருக்கவில்லை.

உள்ளே அவனுடைய மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் ஐந்தாம் ஆண்டு. மேசையில் அதே மாதிரி வினாத்தாள் புத்தகம். “மாட்டுப் பக்கம் விடுறேல்லை. சோதினை முடியட்டும்,” என்றான். கணக்கில் ஒரு இடம் விளங்கவில்லையாம், மாமாவைக் கேள் என்றான். நான் பக்கத்தில் இருந்து பின்னங்களைச் சொல்லிக் கொடுத்தேன். கெதியாகப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் கேட்ட வினாவை அவளிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

பொழுது சாயும்போது மாடுகள் காலைக்குள் வந்தன. அவன் எழும்பவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, தலையை நிமிர்த்தாமலே, “அப்பா, ஒண்டு குறையுது,” என்றாள்.

“எது?”

அவள் மணியோசைக்குக் காது கொடுத்தாள். “கறுத்த நாம்பன்.”

அவன் ரோச்சை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தான். பிள்ளை என்னைப் பார்த்தாள், கொப்பியைப் பார்த்தாள். பென்சிலை நடுவில் வைத்து மூடிவிட்டு, செருப்பைத் தேடாமல் அவனுக்குப் பின்னால் போனாள்.